மோட்டாரைக் கண்டிக்கவும்

அன்று காலை அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: முதலாளி, ஃபிட்டர் ராஜண்ணன், கென்யாவிலிருந்து வந்த ஆய்வாளர் கமாவு, தேவாலாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த என் அப்பா, அப்புறம் நான். வராதவர் முதலாளியின் மச்சான். நான் எழுதிய புத்தகத்தை வரிவரியாகப் படித்துச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒரே மனிதர் அவர்தான். அன்றைக்கென்று பார்த்து அவருக்குப் பல்வலி. (வருடங்கள் பல ஓடிவிட்டன. அந்தப் பல் இன்னும் அவர் வாயில் கெட்டியாக இருக்கிறது. நான் பார்க்கும்போதெல்லாம் கவனிக்கிறேன்.)

புத்தகம் என்றதும் கதையோ கவிதையோ என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலையை நசுக்கி வெட்டும் ஒரு இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று ஆங்கிலத்தில் நான் எழுதிய கையேடு அது. அப்போது நான் ஒரு டெக்னிக்கல் ரைட்டர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை உள்பக்கமிருந்து பார்த்த முதல் ஆள். அதற்குமேல் இஞ்சினியர் வேறு. ஆகவே உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற தெளிவோடு இருந்தேன்.

நான் பட்டம் வாங்கி வெளியே வந்த நேரம் அப்படி. நீலகிரியில் தேயிலை விலை தரையில் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. இலைக்குக் கிடைக்கிற காசு பறிகூலிக்கே பத்தாது என்று பலர் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் இருக்க வேண்டிய செடிகள் தலைக்குமேல் வளர்ந்து, மரமாகும் லட்சியத்தோடு நின்றன. இந்த லட்சணத்தில் புது மெஷின் யார் வாங்குவார்கள்? குன்னூரில் எங்கள் முதலாளியின் பட்டறையில் தயாராகி நின்ற வெட்டு மெஷின்மேல் கோழி அடைகாத்தது. தீபாவளி போனஸ் பொங்கலுக்கும் வரவில்லை. சம்பளம் என்ற சொல்லையே ஆட்கள் கெட்ட வார்த்தைபோலத் தணிந்த குரலில்தான் உச்சரித்தார்கள்.

அப்போது வந்தது கென்யா ஆர்டர். எங்கள் தேயிலையைக் கவிழ்த்ததே கென்யாத் தேயிலைதான் என்று டீக்கடை டீக்கடையாகத் திட்டிக்கொண்டிருந்த எங்களைக் காப்பாற்ற அந்தக் கென்யாவே வந்தது. ஒரு மெஷின். பிடித்திருந்தால் மேற்கொண்டு ஆறு. ஒரே ஒரு நிபந்தனை: இயக்குவதற்கான முழுமையான கையேடு வேண்டும்.

"கையேடுன்னா என்ன தம்பி? பில்லு மாதிரியா?" என்று முதலாளி கேட்டார். வேலை கேட்டுப் போயிருந்த நான் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் கோயமுத்தூர்க்காரர், பொறுமைசாலி. கடைசிவரை கேட்டுவிட்டு, "செரி, நீயே எழுதீரு" என்றார். என் தொழில்வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

தேவாலாவில் எங்கள் லைன் வீட்டில் இந்தச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அப்பா எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டியவர். கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் ஓவியம் வரைவதைப்போல நிதானமாக.

"இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு எழுதற வேலையா கண்ணு? பெட்டிசன் எழுதறவங்க மாதிரியா?"

"இல்லப்பா. மெஷினுக்குப் புஸ்தகம் எழுதறேன்."

அப்பா இதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "மெசினு எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்குது?" என்று கேட்டாராம். அப்பா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

முதலாளி என்னைக் கோவைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே பாடம் எடுத்தவர் டை கட்டியிருந்தார்; எனவே அவர் சொன்னதெல்லாம் உண்மை. அவர் சொன்னது இதுதான்: "டெக்னிக்கல் ரைட்டருக்குக் கருத்து கிடையாது. கண்தான் உண்டு. இயக்குபவர் என்ன செய்கிறாரோ அதை எழுது. எதையும் விடாதே. எதையும் நீயாகச் சேர்க்காதே." நான் இதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அறையிலிருந்த மற்றவர்கள் கேண்டீன் போண்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்களெல்லாம் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள்.

திரும்பி வந்து ராஜண்ணனின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இருபது வருடமாக மெஷின் ஓட்டிப் பார்க்கிறவர். நாள் முழுக்க ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிக் காட்டினார். நான் ஒன்று விடாமல் எழுதினேன்.

"ரைட்டரே, இதுல எழுதறதுக்கு என்னங்க இருக்குது? பட்டன அமுத்துனா ஓடப்போகுது" என்றார்.

பாவம், டெக்னிக்கல் ரைட்டிங் தெரியாதவர் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கையேடு தயாரானது. ஸ்பைரல் பைண்டிங், நீல அட்டை, அட்டைமேல் மெஷினின் படம். மச்சானிடம் போனது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர். அவர் அட்டைப் படத்தைக் கூர்ந்து பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்குது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி கென்யாவுக்குப் போனது. சில வாரங்கள் கழித்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு கமாவு வந்தார்.

மெஷினைக் கப்பலில் ஏற்றும் முன் ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியது அவர் வேலை. அந்தக் கையெழுத்து விழுந்தால் பணம் வரும், ஆறு மெஷின் ஆர்டர் வரும், பட்டறையில் அத்தனை பேருக்கும் நின்றுபோன சம்பளம் வரும். விழாவிட்டால் கோழிக்கு நிரந்தர வீடு.

அதனால் முந்தின நாள் முதலாளி பட்டறையைக் கழுவச் சொன்னார். மெஷின்மேல் இருந்த விபூதிப் பட்டை, குங்குமம், முன்னால் தொங்கிய மிளகாய், எலுமிச்சைச் சரம் எல்லாம் போயின. சுவரில் இருந்த பிள்ளையார் படத்துக்குமேல் காலண்டரை மாட்டினார்கள்.

"பாரின்காரரு வர்றாரு. சூடம் கீடம்னு ஒண்ணும் கண்ணுல படக்கூடாது. கம்பெனின்னா நீட்டா இருக்கோணும். புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் சொன்னதற்கும் என் கையேட்டுக்கும் நடுவில் அந்த நேரத்தில் எந்தத் தொடர்பும் எனக்குத் தோன்றவில்லை. மூளை என்பது தேவைப்படும் நேரத்தில் லீவு போடும் ஒரு உறுப்பு.

அப்பாவை நான்தான் வரச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் புத்தகத்தைப் படித்துப் படித்து மெஷின் ஓட்டப்போகிற காட்சியை அவர் பார்க்க வேண்டாமா? அவர் வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் மஞ்சள் பையோடு வந்து, மூலையில் ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்தார்.

கமாவு உயரமானவர், அமைதியானவர். வெள்ளைச் சட்டை, டை, காதில் பென்சில். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு நீலப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகள். அவர் முழுவதும் படித்திருந்தார்! என் வாழ்க்கையின் முதல் வாசகர். எனக்குப் புல்லரித்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா குல்லாவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கையேட்டின்படியே செய்வோம்" என்றார் கமாவு. "முதல் படி. இயக்குபவர் காலணிகளைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை அணுக வேண்டும்." சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். ராஜண்ணன் கூரையைப் பார்த்தார்.

"இதற்கு என்ன காரணம்?"

"அது... எர்த்திங் சார். சேஃப்டி" என்றார் முதலாளி. (எலக்ட்ரிகல் படித்தவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும்.) கமாவு குறித்துக்கொண்டார். குன்னூரின் டிசம்பர் மாதச் சிமெண்ட் தரையில் எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம்.

"இரண்டாம் படி. கிழக்கு நோக்கி நிற்கவும்."

வெளியே பனிமூட்டம். சூரியன் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஒரு பக்கம் கைகாட்டினார், ராஜண்ணன் இன்னொரு பக்கம். கடைசியில் முதலாளி காட்டியதே கிழக்கு என்று முடிவானது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவர்தானே. அது மேற்கு என்பது மத்தியானம் பனி விலகியபோது தெரிந்தது.

"மூன்றாம் படி. எலுமிச்சை, இரண்டு. ஒன்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் வைக்கவும். மற்றதை இரு உருளைகளுக்கும் நடுவில் வைக்கவும்." கமாவு நிமிர்ந்தார். "எலுமிச்சைகள் எங்கே?"

முதலாளி என் காதருகில் வந்தார். முகத்தில் ஆய்வாளருக்கான புன்னகை அப்படியே இருந்தது. குரல் மட்டும் எனக்கு.

"ஏந்தம்பி... இதையுமா எழுதுன?"

"அவர் செஞ்சாருங்க. அதான் எழுதினேன்."

"அவன் பீடிகூடத்தான் குடிச்சிருப்பான். அதையுமா எழுதிப்போட்ட?"

(எழுதியிருந்தேன். பதினோராம் படி.)

"எலுமிச்சை இல்லாவிட்டால் நாம் இங்கேயே நிறுத்த வேண்டியிருக்கும்" என்றார் கமாவு, மரியாதையாக. "கையேட்டில் குறிப்பிட்ட பாகம் இல்லாமல் நான் சோதனையைத் தொடர முடியாது."

பாகம்! ஆம், கையேட்டின் பின்பக்கத்தில் 'தேவையான பாகங்கள்' பட்டியலும் போட்டிருந்தேன். போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் எலுமிச்சை பாந்தமாக உட்கார்ந்திருந்தது. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினால் மலையேறித் திரும்பி வர ஒரு மணி நேரமாகும். "எலுமிச்சம்பழத்துக்கு இப்ப எங்கீங்க போறது?" என்று ராஜண்ணன் முனகினார். கமாவு கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மூலையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, எலுமிச்சம்பழம்னா நான் கொண்டாந்துருக்கறனுங்க."

அப்பா மஞ்சள் பையைத் திறந்தார். எஸ்டேட்டில் வருடப் பிறப்பன்று துரையைப் பார்க்கப் போகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவார்கள். அப்பாவைப் பொறுத்தவரை மகனின் முதலாளியும் துரைதான். வெறுங்கையோடு எப்படி வருவது? வீட்டுக்குப் பின்னால் காய்த்ததில் நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்து கொடுக்க நேரம் பார்த்து, கூச்சத்தில் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி அந்தப் பையை வாங்கிய பக்தியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

"இதன் பயன்?" என்றார் கமாவு.

"சிட்ரிக் ஆசிட் சார்" என்றார் முதலாளி தயங்காமல். "உருளைக்கு. ஃபர்ஸ்ட் கிளீனிங்." அந்தக் கணத்தில் நான் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன். அவர் என்னை எதுவாகவும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை.

நான்காம் படியில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இடப்பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "எவ்வளவு விசையில்?" என்றார் கமாவு. ராஜண்ணன் தட்டிக் காட்டினார். கமாவு தானும் தட்டிப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடி தட்டினார். ராஜண்ணன் "கரெக்ட்டுங்க" என்று தலையாட்டியதும் பென்சில் டிக் அடித்தது.

ஐந்தாம் படி, பச்சைப் பட்டன். ராஜண்ணன் அமுக்கினார். 'உம்ம்ம்' என்றது மோட்டார். அவ்வளவுதான். சுற்றவில்லை. குன்னூர்க் குளிரில் எந்த மோட்டாரும் முதல் அழைப்பில் எழுந்திருக்காது. ராஜண்ணன் பட்டனை விட்டுவிட்டு மறுபடி அமுக்கப் போனார்.

"ஒரு நிமிடம்" என்றார் கமாவு. "ஆறாம் படியை விட்டுவிட்டீர்கள்." புத்தகத்தை முதலாளியின் பக்கம் திருப்பிக் காட்டிப் படித்தார். "மோட்டார் சுற்றாவிட்டால், அதை உரத்த குரலில் கடுமையாகக் கண்டிக்கவும்."

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். மோட்டார் மக்கர் பண்ணும்போதெல்லாம் ராஜண்ணன் அதன் அம்மா, அக்கா, கல்யாணமாகாத சித்தி என்று ஒருவரையும் விடாமல் விசாரிப்பார். அதை அப்படியே எழுதுவது நாகரிகமில்லை என்று நான் ஒரே வரியில் சுருக்கியிருந்தேன். அந்தக் கையேட்டில் நான் சுயமாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

"எந்த மொழியில்?" என்றார் கமாவு.

"எந்த மொழின்னாலும் செரி சார். ஸ்வாஹிலியும் ஓகே" என்றார் முதலாளி. நெற்றியில் வேர்வை. டிசம்பரில்!

ராஜண்ணன் சுற்றிலும் பார்த்தார். முன்னால் முதலாளி, பக்கத்தில் வெளிநாட்டு அதிகாரி, மூலையில் ஒரு பெரியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு மோட்டாரைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

"ஏனுங்க மோட்டாரு... கொஞ்சம் சுத்துனீங்கன்னா நல்லாருக்குமுங்க."

கமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொனி தெரியுமே. "கடுமையாக என்று இருக்கிறது" என்றார். பென்சிலைக் காதில் செருகினார். புத்தகத்தை மூடப் போனார்.

அவ்வளவுதான். மூன்று மாதச் சம்பள பாக்கி, பாங்க் கடன், வெறுங்காலில் ஏறிய குளிர், எலுமிச்சை, எல்லாம் சேர்ந்து முதலாளிக்குள் வெடித்தது. அந்தப் பொறுமைசாலி என் பக்கம் திரும்பினார்.

"அட சனியனே! உன்னயப் போயி வேலைக்கு வெச்சேன் பாரு, என்னயச் செருப்பாலயே அடிக்கோணும்! தண்டச்சோறு! திங்கறதுக்கு மட்டும் வாயிருக்குது, ஒரு வேலைக்கு ஆகுதா நீ? உன்னயத் தூக்கி அக்கட்டால பள்ளத்துல வீசுனாத்தான் இந்தக் கம்பெனி உருப்புடும்!"

பதறிப்போன ராஜண்ணனின் விரல் தானாகப் பச்சைப் பட்டனில் விழுந்தது. 'உம்ம்ம்' என்று முனகிய மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. உருளைகள் எலுமிச்சையைக் கடித்து இழுத்தன. சாறு பீய்ச்சி அடித்து கமாவின் வெள்ளைச் சட்டை, டை, மூக்குக்கண்ணாடி என்று அபிஷேகம் நடந்தது.

கமாவு நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்சிலை எடுத்தார். "ஆறாம் படி. நிறைவேறியது" என்று டிக் அடித்தார். பக்கத்தில் ஏதோ சின்னதாக எழுதவும் செய்தார். எட்டிப் பார்த்தேன். 'பலன் உடனடியாகக் கிடைக்கிறது' என்றிருந்தது.

நான் அதையும் பார்த்தேன், அப்பாவையும் பார்த்தேன். டிரம்மிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கையில் குல்லாவைக் கசக்கிக்கொண்டிருந்தார். இரைச்சலுக்கு நடுவே என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"கண்ணு, மொதலாளி மோட்டாரத்தானே திட்டுனாரு?"

"ஆமாப்பா. மோட்டாரத்தான். புஸ்தகத்துலயே அப்பிடித்தான் போட்டிருக்கேன்."

"நீ போட்டதா?"

"நான் போட்டதுதான்."

அப்பா தலையை ஆட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கற" என்றார். என் எழுத்துக்கு இன்றுவரை கிடைத்த விமரிசனங்களில் எனக்குப் பிடித்தது அது. அவர் நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.

மீதிப் படிகள் விரைவாக நடந்தன. பதினொன்றில் கமாவு, "நான் புகைப்பதில்லை" என்றார். "ஆப்ஷனல் சார், ஆப்ஷனல்" என்று முதலாளி அலறினார்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது கமாவு என்னை அழைத்தார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே போனேன். "நான் பல நாடுகளில் மெஷின் பார்த்திருக்கிறேன்" என்றார். "எல்லா இடத்திலும் புத்தகத்தில் ஒன்று இருக்கும், ஆட்கள் செய்வது வேறாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்ததை இங்கேதான் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டார். கிண்டலா பாராட்டா என்று அவர் முகத்தில் தேடினேன். எலுமிச்சை விதை ஒன்றுதான் ஒட்டியிருந்தது.

கையெழுத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: கையேட்டில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது, பாகங்கள் பட்டியலில் உள்ள எல்லாமே பெட்டியில் இருக்க வேண்டும். அப்பாவின் பையிலிருந்து கமாவே இரண்டு பழங்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

பெட்டி கொச்சித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. இரும்புச் சாமான் என்று போட்டிருந்த பட்டியலில் பழம் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். பழம் கடல் தாண்ட வேண்டுமென்றால் அதில் பூச்சி இல்லை, நோய் இல்லை என்று சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கேட்டுப் போனபோது பழங்கள் வாடியிருந்தன. வாடிய பழத்துக்குச் சான்றிதழ் கிடையாது. புதுப் பழம் வாங்கி வைத்தால் போயிற்று என்றேன். ஆய்வாளர் சீல் வைத்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். கமாவுக்கு ஃபேக்ஸ் அனுப்பி, எலுமிச்சையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் பதில் அனுப்பி, சீலை உடைத்து, பழத்தை எடுத்து, மறுபடி சீல் வைப்பதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை பெட்டி துறைமுகத்தில் நாள்வாடகைக்குக் குடியிருந்தது. நானும் அதற்குத் துணையாகக் கொச்சியில் குடியிருந்தேன், சுண்டிப்போன இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பையில் வைத்துக்கொண்டு.

பணம் வந்தது. சம்பளம் வந்தது. ஆறு மெஷினுக்கும் ஆர்டர் வந்தது, அதே கையேட்டோடு. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "நீ போயிட்டா அந்தப் புஸ்தகத்துக்கு எவன் பதில் சொல்றது?" என்றார். நான் கோவைக்குப் போய் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதத் தொடங்கும்வரை அங்கேதான் இருந்தேன். காலண்டரைக் கழற்றிவிட்டு பிள்ளையார் வெளியே வந்தார்.

எங்கள் வீட்டில் இப்போதும் மிக்ஸி ஓடவில்லை என்றால் என் மனைவி அதை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டுவாள். நான் முகத்தைத் தூக்கினால், மூலையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா திரும்பாமலே சொல்வார்: "உன்னயில்ல கண்ணு. மோட்டாரச் சொல்லுது."

அதைச் சொல்லும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அன்று கொட்டகையில் அவர் நம்பவே இல்லை என்பது எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

துறைமுக வாடகை, சீல் உடைத்த கூலி, மறுபடி வைத்த கூலி, ஃபேக்ஸ், நான் கொச்சியில் தின்ற புட்டும் கடலையும் எல்லாம் சேர்த்து முதலாளி என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தது மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். அதில் எலுமிச்சம்பழக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. அது அப்பா கொண்டுவந்தது.